முன்னூற்றுப் பன்னிரண்டு லிங்க்

“நீங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் சுத்தப் பொய்யுங்க டீச்சர்!”

சென்னியப்பன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கோபியில் போர்வெல் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். தன் வெப்சைட்டை இணையத் தேடலில் முதலிடத்துக்குக் கொண்டுவர, வயதில் இளையவளான நஸ்ரீனிடம் பாடம் கேட்டவர். இப்போது அந்த வெப்சைட் பத்தாம் பக்கத்திலும் இல்லை. இரண்டு வாரமாகப் பட்டறைக்கு ஒரு போனும் இல்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“என்ன சொல்லிக் குடுத்தேங்ணா?”

“மத்தவங்க பக்கத்துல இருந்து நம்ம பக்கத்துக்கு லிங்க் வரணும்னீங்க. முன்னூத்திப் பன்னண்டு போட்டிருக்கேன்! கமெண்ட்டுல போட்டேன். கடைங்க பேரெல்லாம் போடற டைரக்டரியில போட்டேன். நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடறேன்னு மாத்திக்கிட்டேன். விலைக்கும் வாங்கினேன். வெறும் பதினொண்ணு வெச்சிருக்கிற அடுத்த பட்டறை நாச்சிமுத்து முதல்ல நிக்கறான்!”

“வரணும்னு சொன்னேன். போடணும்னு சொன்னேனா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்க!”

நஸ்ரீனுக்கும் கோபம் ஏறிவிட்டது. “நீங்களே போட்டுக்கிட்டா, ஏமாத்துன்னு தேடல்ல கீழ தள்ளிருவாங்கண்ணா!” அவர் போட்ட லிங்க்குகளில் ஒன்றைப் போனில் திறந்தாள்.

யாரோ ஒரு மகள் செத்துப்போன தன் அப்பாவுக்கு எழுதிய கண்ணீர் அஞ்சலி. அதன் கீழே சென்னியப்பனின் கமெண்ட்: ‘அருமையான பதிவு. தொடர்ந்து எழுதுங்கள். மோட்டார் ரிப்பேருக்கு இங்கே அழுத்தவும்.’

அந்த மகள் அதற்குப் பதிலும் எழுதியிருந்தாள். வாய்விட்டுப் படிக்கிற பதில் இல்லை. நஸ்ரீன் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

சென்னியப்பனுக்குக் காது சுட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

“ஏதோ ஒண்ணு தவறிப்போச்சு. அவன் மட்டும் பெரிய யோக்கியனா? அவனோடதைக் காட்டுங்க, பார்க்கலாம்!”

காட்டினாள். நாச்சிமுத்துவுக்கு லிங்க் கொடுத்திருந்த மஞ்சள் விவசாயிகள் சங்கத்தின் பக்கம். அவர் ஆத்திரத்தோடு உரக்கப் படித்தார்.

“‘போன மாதம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நாச்சிமுத்து வந்து மோட்டாரைச் சரிசெய்து இறக்கிக் கொடுத்தார். பயிர் பிழைத்தது.’ அடப்பாவி! இந்தச் சங்கத்துக்காரங்க என்ற வாடிக்கை ஆளுங்க டீச்சர்! பத்து வருசமா எங்கிட்டத்தான் வருவாங்க!”

“மேல ஒரு வரியை விட்டுட்டீங்க.”

அதையும் படித்தார். இந்த முறை சத்தம் வரவில்லை.

‘வழக்கமாக வருகிற சென்னியப்பனுக்குத்தான் முதலில் ஏழு முறை போன் செய்தோம். எடுக்கவில்லை.’

“அன்னிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“கமெண்ட்டு... போட்டுட்டிருந்தனுங்க.”

அந்த வரியில் அவர் பெயர் மட்டும் நீல எழுத்தில் இருந்தது. அழுத்தினார். அவருடைய வெப்சைட் திறந்தது.

“உங்களுக்குத் தானா வந்த ஒரே லிங்க் இதுதானுங்ணா” என்றாள் நஸ்ரீன்.