குரங்கின் கையில் ஓடிய கடிகாரம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேளைநகர் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அவ்வளவு காலத்துக்கு முன்னால் கைக்கடிகாரம் ஏது என்று கேட்பீர்கள். இருந்தது. அதுவும் பழைய கைக்கடிகாரம். குறுக்கே பேசினால் கதை நகராது.

அந்த ஊரில் புதுக் கடிகாரத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். யாரோ கட்டி, யாரோ கழற்றி, கண்ணாடியில் கீறல் விழுந்து, முகம் பழுப்பேறியிருக்க வேண்டும். அதுதான் கடிகாரம். ராஜாவிலிருந்து வண்ணான் வரைக்கும் எல்லார் மணிக்கட்டிலும் ஒன்று ஓடும். கழற்றினால் அந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெள்ளைப் பட்டையாகத் தெரியும்.

சந்தையில் ஆப்பக்கடை வைத்திருந்தவள் முத்தாயி. அவள் மகள் மரிக்கொழுந்து. எதைப் பார்த்தாலும் "சரி, அப்புறம்?" என்று கேட்கிற பெண். அவள் கையில் கட்டியிருந்தது செத்துப்போன அப்பாவின் கடிகாரம். முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும். எண்கள் அழிந்துபோனதால் அப்பாவே தூரிகை எடுத்து வரைந்திருந்தார். ஏழு மட்டும் குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கும். அதற்குச் சாவி கொடுக்கத் தேவையில்லை. கை ஆடுகிற ஆட்டத்திலேயே ஓடும். ராத்திரி கழற்றி அலமாரியில் வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடும். காலையில் லொடக் லொடக் என்று குலுக்கினால் மறுபடி ஓடும்.

ஒரு நாள் ஆப்பக்கடைக்கு ஒருவன் வந்தான். கறுப்பு அங்கி, கழுத்தில் பூதக்கண்ணாடி. பெயர் பூட்டுமாயன். மந்திரவாதி என்று நெற்றியில் எழுதியா இருக்கும்?

"மணி என்னம்மா?"

"கை பூரா மாவு. நீயே பாத்துக்கய்யா" என்று முத்தாயி கையை நீட்டினாள்.

"கண்ணு மங்கல். கழற்றிக் குடு தாயி."

கழற்றிக் கொடுத்தாள். அவன் அதை வெல்வெட் பைக்குள் போட்டு 'க்ளிக்' என்று பூட்டினான். அவ்வளவுதான். முத்தாயி நின்றுவிட்டாள். கரண்டி பாதி வழியில் நின்றது. கரண்டி நுனியில் ஒரு சொட்டு மாவு, விழாமல் அந்தரத்தில் தொங்கியது.

"யோவ்! எங்கம்மாவை என்னய்யா பண்ணினே?"

"கடிகாரம் என் பூட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் கட்டினவளும் அசையமாட்டா. உன்னுதையும் காட்டு." பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். மூஞ்சியைச் சுளித்தான். "எவனோ பெயிண்ட் அடிச்சிருக்கான். ஏழு கோணல். அசல் இல்லை. குப்பை! நீயே வச்சுக்க."

புகையாகிப் போய்விட்டான்.

மரிக்கொழுந்துக்கு இரண்டு கோபம். ஒன்று அம்மாவுக்காக. இன்னொன்று அந்தக் கோணல் ஏழுக்காக. அம்மாவின் தலைக்கு மேல் ஓலைக்குடையை நட்டுவிட்டு, பூட்டுமாயன் வீடு இருக்கிற மலைக்கு நடந்தாள்.

மலை வீட்டு வாசலில் மூன்று பேர் சிலையாக நின்றார்கள். ஒருவன் தளபதி, ஓங்கிய வாளோடு. ஒருவன் திருடன், கள்ளச்சாவியோடு. ஒருவர் மந்திரி, கும்பிட்ட கையோடு. தளபதி தலையில் காக்கா கூடு கட்டியிருந்தது. மூன்று பேர் மணிக்கட்டிலும் வெள்ளைப் பட்டை.

சண்டை போட்டும் ஆகவில்லை, திருடியும் ஆகவில்லை, கெஞ்சியும் ஆகவில்லை. சரி, அப்புறம்? மரிக்கொழுந்து யோசித்தாள். ஆசை ஆசையாக இத்தனை சேர்த்து வைத்திருக்கிறானே, அதை யாராவது வந்து பார்த்திருப்பார்களா?

கதவைத் தட்டினாள்.

"யாரது? சண்டையா, திருட்டா, கெஞ்சலா?"

"எதுவுமில்லைங்க. உங்க கடிகாரமெல்லாம் பாக்கணும். சும்மா பாக்கணும்."

உள்ளே யாரோ ஓடி வருகிற சத்தம். அப்புறம் ஏழு தாழ்ப்பாளும் படபடவென்று திறந்தன. பூட்டுமாயன் தலையை அவசரமாக வாரிக்கொண்டு வந்து நின்றான்.

"நிஜமாவா? சும்மா பாக்கவா? வா, வா, காலைத் துடைச்சிட்டு வா! ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. பார்க்கலாம், தொடக்கூடாது, கட்டக்கூடாது."

உள்ளே அறைக்கு அறை அலமாரி, அலமாரி நிறையக் கடிகாரம். வட்டம், சதுரம், நிலா காட்டுகிறது, தேதி காட்டுகிறது, மிளகு அளவில் ஒன்று. அம்மாவைப் பூட்டியவன் வீடு என்று தெரிந்தும் மரிக்கொழுந்து வாயைப் பிளந்தாள். பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் தட்டில் அம்மாவின் கடிகாரம் இருந்தது. வாரில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று அவள் அதையே பார்க்காமல் அடுத்ததைப் பார்த்தாள்.

ஆனால் ஒன்றுகூட ஓடவில்லை. பிணம் எடுத்த வீடு மாதிரி அமைதி.

"இதுல எதையாவது நீங்க கட்டிக்குவீங்களா?"

"கட்டிக்கிறதா! கீறல் விழுந்தா? பார்க்கலாம், தொடக்கூடாது, கட்டக்கூடாது."

அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். வெள்ளைப் பட்டையே இல்லை. இத்தனை கடிகாரம் வைத்திருக்கிறவன் ஒன்றைக்கூட ஒரு நாளும் கட்டியதில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். முற்றத்திலிருந்து வந்தது. முற்றத்து மாமரத்தில் ஒரு குரங்கு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. அதன் கையில் பொன்னிறக் கடிகாரம் ஒன்று.

பூட்டுமாயன் விளக்குக்கு எண்ணெய் எடுக்கப் போனான். மரிக்கொழுந்து மரத்தடிக்கு ஓடினாள்.

"குரங்கண்ணா, கொஞ்சம் நில்லேன்."

"நிக்கக் கூடாது, நிக்கக் கூடாது" என்றது குரங்கு, தாவிக்கொண்டே. பேசியது. மந்திரவாதி வீட்டுக் குரங்கு பேசாமல் வேறென்ன செய்யும்? "நின்னா வார் இறுக்கும். எலும்பு வரைக்கும் இறுக்கும். அவன் ஒருத்தனாலதான் கழற்ற முடியும்."

"எப்ப இருந்து ஆடுறே?"

"தெரியலையே பாப்பா. தூங்கினாத்தானே நேத்துன்னு ஒண்ணு வரும்."

சொல்லிக்கொண்டே குரங்கு கொஞ்ச நேரம் கண் அசந்துவிட்டது. உள்ளே ஏதோ உடைகிற சத்தம். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டுப் பூட்டுமாயன் சுவரோடு சாய்ந்து நின்றான். "ஏ...ய்... ஆ...டு..." என்று இழுத்தான். வார் இறுக்கியது. குரங்கு வீறிட்டுக்கொண்டு தாவியது. அவன் சட்டென்று நிமிர்ந்து பழையபடி நடந்தான்.

மரிக்கொழுந்து தன் முழங்கைக் கடிகாரத்தைப் பார்த்தாள். கை ஆடினால் ஓடும், ஆடாவிட்டால் நிற்கும். ஓகோ. இவன் உயிர் அந்தக் கடிகாரத்தில் இருக்கிறது. பூட்டி வைத்தால் நின்றுவிடும். அதனால்தான் அது மட்டும் அலமாரியில் இல்லை. தானே கட்டிக்கொள்ளலாமே? மாட்டான். கீறல் விழுமே.

அவன் வந்ததும் அலுத்துக்கொள்கிற மாதிரி சொன்னாள்.

"எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. அந்தக் குரங்கு கையில இருக்கே, அதுதான் கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன?"

"முகத்துக்குப் பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே. பாத்தாலே தெரிஞ்சிரும்."

பூட்டுமாயன் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. "பெயிண்ட்டா? என் கடிகாரத்துக்கா? அடியே, அது அசல்! அசலுக்கு அசல்! கிட்ட வந்து பாரு!"

குரங்கை வாலைப் பிடித்து இழுத்தான். மந்திரத்தை முணுமுணுத்து வாரை அவிழ்த்தான். கடிகாரத்தைத் தன் கையில் வைத்து ஆட்டி ஆட்டிக் காட்டினான். "பாத்தியா? இந்த மூணைப் பாத்தியா?"

"ஐயையோ, வெறுங்கையில பிடிச்சிருக்கீங்களே! வேர்வை படாதா?"

"அட, ஆமாம்!" பதறிப்போய் அதை வெல்வெட் துணி மேல் மெல்ல வைத்தான். "பார்க்கலாம். தொடக்கூடாது. கட்டக்கூடாது."

"தொட மாட்டேங்க" என்று மரிக்கொழுந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தொடவே இல்லை. கேட்டாள், அவ்வளவுதான். முள் ஏன் நீலமாக இருக்கிறது? எண்ணை யார் எழுதியது? பின்மூடிக்குள் என்ன இருக்கும்? நிஜமாகவே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதனால் கேள்வி வந்துகொண்டே இருந்தது. அவனும் சொல்லிக்கொண்டே போனான். இதுவரை யார் கேட்டார்கள் அவனை? முள்ளை நெருப்பில் வாட்டியதைச் சொன்னான். எண்ணை அணில் முடித் தூரிகையால் எழுதியதைச் சொன்னான். ரொம்பப் பழைய கடிகாரம், வெகுநேரம் தாங்காது.

டிக், டிக்.

"பின்...மூடிக்குள்ள... ஒரு... அரைவட்டத் தகடு... கை ஆடினா... சுத்தும்..."

டிக்.

"சரி, அப்புறம்?"

"கை... ஆடலேன்னா..." என்றவன் கண் பெரிதாக விரிந்தது. புரிந்துவிட்டது. கடிகாரத்தைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!" என்றாள் மரிக்கொழுந்து. "கீறல் விழும்!"

அவன் விரல் தயங்கியது. ஒரே ஒரு கணம்தான் தயங்கியது. அதற்குள் டிக் சத்தம் நின்றது. நீட்டிய கையோடு பூட்டுமாயனும் நின்றான்.

படார், படார், படார்! அத்தனை பூட்டும் தெறித்தன. குரங்கு இருந்த இடத்தில் கிழிந்த பட்டுச் சட்டையோடு ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான். வேளைநகர் ராஜாவுக்குச் செழியவேந்தன் என்று ஒரு மகன், முன்பே காணாமல் போனவன்; அவன்தான் இவன்.

"பெண்ணே, என்னைக் காப்பாத்தினாய். உனக்கு என்ன வேணும்? என் பாதி ராஜ்ஜியமா? கல்யா..."

"முதல்ல தூங்குங்க" என்றாள் அவள். அவன் வாக்கியத்தை முடிக்காமலே குறட்டை விட்டான்.

மரிக்கொழுந்து அலமாரிகளைத் திறந்தாள். பூட்டு போனாலும் கடிகாரங்கள் ஓடினால்தானே ஆட்கள் அசைவார்கள்? சாவி கொடுக்க வேண்டியதற்குச் சாவி கொடுத்தாள். குலுக்க வேண்டியதைக் குலுக்கினாள். ஓடியதையெல்லாம் இரண்டு கையிலும் தோள்பட்டை வரைக்கும் கட்டிக்கொண்டாள். டிக்டிக்கென்று தேனடை மாதிரி இரைந்துகொண்டு மலை இறங்கினாள். வாசலில் தளபதி வாளை இறக்கிவிட்டு, "என் தலையில என்ன கூடு?" என்றான். "முட்டை பொரிக்கிற வரைக்கும் தலையை ஆட்டாதீங்க" என்று சொல்லி அவன் கடிகாரத்தைக் கட்டிவிட்டாள்.

அம்மாவுடையதற்கு மட்டும் அவள் சாவி கொடுக்கவில்லை. சந்தைக்கு வந்து, அம்மாவின் வெள்ளைப் பட்டை மேல் கட்டி, அப்புறம்தான் திருகினாள். டிக்.

அந்தரத்தில் தொங்கிய மாவு சட்டியில் விழுந்தது. சொய்ங்!

"எங்கடி போனே? தேங்காய்ப்பால் பிழிஞ்சியா?" என்றாள் முத்தாயி. "கை என்னடி இது, வளையல் கடை மாதிரி?"

மரிக்கொழுந்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தாள்.

ராஜா கூப்பிட்டு என்ன வேண்டுமென்று கேட்டார். சொந்தக்காரர் யாரும் வராத கடிகாரங்களை யாரும் பூட்டக்கூடாது, தினம் ஒருவர் கட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். முறை வருகிறவர்களுக்கு ஒன்றை எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கே கிடைத்தது. பெரிய வீடும் கிடைத்தது. ஆனால் அவள் கையில் கட்டியது என்னவோ கோணல் ஏழுக் கடிகாரத்தைத்தான்.

பூட்டுமாயன் இன்னும் அந்த மலை வீட்டில் நீட்டிய கையோடு நிற்கிறான். எதிரே வெல்வெட் துணி மேல் பொன்னிறக் கடிகாரம். துணைக்கு ஒரு பலகை: பார்க்கலாம், தொடக்கூடாது, கட்டக்கூடாது. கூட்டம் கூட்டமாக வந்து பார்க்கிறார்கள். அவன் ஆசைப்பட்டதும் அதுதானே.

இதுவரை யாரும் அதைக் குலுக்கிப் பார்க்கவில்லை. நீங்கள் போனாலும் குலுக்காதீர்கள்.