வெள்ளையம்மா வீட்டின் இரண்டு எண்கள்

கரட்டுச்சாமியின் சீடர்களில் சடையப்பன் கையில் மட்டும் எப்போதும் செல்போன் இருக்கும். ‘செல்போன் சாமியார்’ என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவன் கோபிக்க மாட்டான். மேப்பைத் திறந்து காட்டுவான்.

“இந்தா பாருங்க, நீலத் தகடு போட்ட கூரை. என் தங்கச்சி வெள்ளையம்மா வீடு.”

மடத்துக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைனில் ஒரு வீடு அது. ஏறிப் போனால் அரைநாள் நடை. அவன் போனதே இல்லை. மேப்பில் பார்த்துக்கொள்வான்.

அந்த ஐப்பசியில் பேய்மழை. விடியற்காலையில் மலை சரிந்து லைன் மொத்தமும் மண்ணுக்குள் போய்விட்டது.

சடையப்பன் வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடினான். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். மேலே வீடும் இல்லை, பாதையும் இல்லை. எங்கே பார்த்தாலும் சேறு.

அவன் மேப்பில் அந்த நீலக் கூரைமேல் விரலை அழுத்தினான். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் வந்தன. மீட்பு ஆட்களிடம் எண்களைக் கத்திச் சொன்னான்.

“இங்கேதாங்க! இம்மி பிசகாது. தோண்டுங்க!”

தோண்டினார்கள். பாறைதான் வந்தது. இன்னும் தோண்டச் சொன்னான்.

சாமி தள்ளாடி ஏறி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

“பாழாப்போன மேப்பு பொய் சொல்லிடுச்சே சாமி!” என்று சடையப்பன் அழுதான்.

சாமி காலடிச் சேற்றில் ஒரு பிடி அள்ளி அவன் கையில் வைத்தார்.

“இது நேத்து எங்கே இருந்துச்சு?”

அவன் அண்ணாந்து பார்த்தான். மலை உச்சி செக்கச்செவேலென்று பிளந்து கிடந்தது.

“அதோ, அங்கே.”

“அப்போ, நேத்து இங்கே இருந்தது?”

சடையப்பன் மெல்லத் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தான். உடனே சறுக்கி விழுந்து இறங்க ஆரம்பித்தான்.

கீழே ஓடைக்கரையில், சேற்றுக்கு வெளியே நீலத் தகட்டின் ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்தது.

“வந்ததுமே இங்கே தோண்டியிருந்தா உசிரோட கிடைச்சிருப்பாளா சாமி?”

எங்கள் கையைப் பிடித்து இறங்கி வந்த சாமி, குனிந்து தகட்டின்மேல் இருந்த சேற்றை வழித்தார்.

அவன் ஓடிப்போய் ஒரு கடப்பாரையைப் பிடுங்கி வந்து ஓங்கினான். சாமி அவன் கையைப் பிடித்தார்.

“அதைக் கீழே போடு. கையால தோண்டு.”

“இருட்டப் போகுது சாமி, விடுங்க!”

“உள்ளே உன் தங்கச்சி படுத்திருக்காடா.”