ஆரஞ்சு கேட்ட கையெழுத்து

மருதங்காட்டு ஜமீனில் கையெழுத்து யந்திரத்துக்கு எண்ணெய் போடுவதுதான் என் உத்தியோகம். வெளியில் இன்ஜினீயர் என்று சொல்லிக்கொள்வேன். எஜமான் இங்கே பேனாவை ஓட்டினால், கம்பி வழியாக மலை பங்களாவில் இன்னொரு பேனா அதே மாதிரி ஓடும்.

முதல் நாள் எஜமான் ஆரஞ்சுப் பழம் கேட்டு எழுதினார். சாயங்காலம் மலையிலிருந்து ஒரு வைத்தியர், அங்கே விழுந்த எழுத்துத் தாளோடு வந்து இறங்கினார். "எழுத்தைப் பார்த்துவிட்டு, எஜமானுக்கு வலிப்பு கண்டிருக்கிறது என்று பங்களா மேனேஜர் என்னை அனுப்பினார்" என்றார்.

எஜமான் என்மேல் பாய்ந்தார். "அடேய் சொக்கு! நான் முத்து முத்தாக எழுதினேன். மலை ஏறுகிறபோது உன் யந்திரம் கோணலாக்கிவிட்டது. நாளைக்குள் நேராக்கு. இல்லையென்றால் மூட்டையைக் கட்டு!"

எனக்குத் தெரிந்த வைத்தியம் எண்ணெய் ஒன்றுதான். இரண்டு படி ஊற்றிப் பார்த்தேன். காலையில், இரவு தங்கிவிட்ட வைத்தியர் எதிரில், எஜமானிடம் ஒரு தாளை நீட்டினேன்.

"சீச்சீ! வைத்தியர் கொண்டுவந்த தாளா? கோழி கிளறின மாதிரி இருக்கிறதே! கம்பி இவ்வளவா கெடுத்தது?"

"இது கம்பி ஏறாத தாள், எஜமான். நேற்று நீங்கள் இங்கே எழுதினது. ஓரத்தில் உங்கள் வெற்றிலைச் சாறு சிந்தியிருக்கிறது, பாருங்கள். அதை யந்திரம் அனுப்பாதே!"

வைத்தியர் சிரித்துவிட்டார். எஜமான் மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரியடா, மேதாவி. வேலையில் இரு. ஆனால் இனிமேல் எனக்காக நீயே எழுது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆரஞ்சு கேட்டு நானே எழுதினேன்.

சாயங்காலம் மலையிலிருந்து இன்னும் இரண்டு வைத்தியர்கள் இறங்கினார்கள், நோயாளியைத் தூக்கிப்போகும் டோலியோடு.