ஒண்ணும் செய்யாத பூனை

“வலிச்சா மாடு சொல்லிடுது, ஆடு சொல்லிடுது. இந்தப் பூனை மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குதே மேடம்!”

அலுத்துக்கொண்டவர் தவசிலிங்கம். முப்பது வருஷம் மாட்டு டாக்டர். எந்த மாடு எந்தக் காலால் உதைக்கும் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற மறுமாசமே, பூனை வைத்தியம் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டார்.

மேடம் என்றால் டாக்டர் பூங்கோதை. தவசிலிங்கத்தின் மகளைவிடச் சின்னவர். பூனைகளுக்கு மட்டும் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்.

மேசை மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை. பெயர் பவுன். வயசு பதினொண்ணு.

அதைக் கூண்டில் கொண்டுவந்தவர் பேச்சியப்பன், லாரி பட்டறைக்காரர். அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிடுங்க டாக்டர். மூணு மாசமா மண் தொட்டியை விட்டுட்டு மெத்தையில மூத்திரம் அடிக்குது. நேத்து எம்பிள்ளை ஆசையாத் தூக்கப் போனா, கையைப் பிறாண்டி வெச்சிடுச்சு. நோய் இல்லை, கொழுப்புதான்னு தெரிஞ்சா மீன் மார்க்கெட்டுல விட்டுடுவேன்.”

“வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?”

“டாக்டர் வாயால கேட்டுட்டு அப்புறம் விடுன்னுட்டா.”

பூங்கோதை நகர்ந்து நின்றார். “நீங்க பாருங்க சார்.”

தவசிலிங்கம் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார். இடுப்பில் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தினார்.

பூனை சிலையாக உட்கார்ந்திருந்தது. குர்ர் குர்ர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“காய்ச்சல் இல்லை. பல் சுத்தம். அழுத்தினேன், அசையலை, கத்தலை. சாதுவான பூனை. வலின்னு ஒண்ணுமில்லை மேடம், குணம்தான் கெட்டுப்போச்சு.”

“சாதுங்கறதும் நீங்கதான். குணம் கெட்டுப்போச்சுங்கறதும் நீங்கதான்.”

தவசிலிங்கம் தலையைச் சொறிந்தார்.

“வலிச்சா எதுக்கு மேடம் குர்ர் குர்ர்னு சந்தோஷமா இருக்கு?”

“பிரசவ வலியில ‘முருகா முருகா’ங்கறவ, சாமி கும்பிட்டுக்கிட்டா இருக்கா?”

பேச்சியப்பன் குபீரென்று சிரித்துவிட்டார். தவசிலிங்கம் விடவில்லை.

“அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? அழாததை என்னன்னு பார்க்கறது?”

“அழாம கிடக்கிற பிள்ளையைத்தான் தாய் ஓடிப்போய்த் தொட்டுப் பார்ப்பா.”

பூங்கோதை பவுனைக் கூண்டோடு தூக்கி உள் அறைக்குக் கொண்டுபோனார். ஜன்னலோரம் வைத்தார். பக்கத்துக் கூண்டில் தடுப்பூசிக்கு வந்த கறுப்புப் பூனை ஒன்று இருந்தது. எட்ட ஒரு நாற்காலி போட்டார். ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார்.

“தொடாதீங்க. கூப்பிடாதீங்க. அரை மணி நேரம் அது என்ன செய்யுதுன்னு எழுதிட்டு வாங்க.”

அரை மணி கழித்து தவசிலிங்கம் வந்தார். தாளில் ஒரே ஒரு வரி.

ஒண்ணும் செய்யலை.

“அதைத்தானே நானும் சொல்றேன்!” பேச்சியப்பன் எழுந்துவிட்டார். “கூண்டைக் கொடுங்க. மார்க்கெட் மூடுறதுக்குள்ள போகணும்.”

பூங்கோதை தாளைத் தவசிலிங்கத்திடமே திருப்பிக் கொடுத்தார்.

“அந்த ஒண்ணும் என்னென்னன்னு எழுதிட்டு வாங்க.”

“செய்யாததை எப்படி மேடம் எழுதறது?”

பூங்கோதை அவரை மறுபடி உள் அறைக்குக் கூட்டிப்போனார். கறுப்புப் பூனையை நோக்கி விரலை நீட்டினார். போய்விட்டார்.

தவசிலிங்கம் மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை கறுப்பைப் பார்த்தார்.

மதில் மேல் ஒரு அணில் ஓடியது. கறுப்பு துள்ளி எழுந்தது. பவுன்?

எழுதினார்.

கறுப்பு முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. பவுன்?

எழுதினார். அப்புறம் தாளைத் திருப்பி மறுபக்கமும் எழுதினார்.

வெளியே வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

“அணிலைப் பார்க்க எழுந்திருக்கலை. காலை நீட்டலை. பக்கவாட்டுல சாயலை. தலையைத் தோளுக்கு மேல தூக்கலை. கண்ணை முழுசாத் திறக்கலை. காதை முன்னால திருப்பலை. வாய் ஓரத்தைத் தளர விடலை, மீசை கம்பி மாதிரி நிக்குது. உடம்பை நக்கலை, இடுப்புக்கிட்ட முடி திரிதிரியாக் கிடக்கு. கொட்டாவிகூட விடலை மேடம்.”

பூங்கோதை கேட்டுக்கொண்டே இருந்தார். தவசிலிங்கம் தானாகவே பேச்சியப்பன் பக்கம் திரும்பினார்.

“வீட்டுல என்னென்ன செய்யறதில்லை தம்பி?”

“பீரோ மேல ஏறுறதை விட்டுடுச்சு. வயசாச்சுல்ல?”

“மண் தொட்டி எவ்வளவு உயரம்?”

பேச்சியப்பன் முழங்காலில் கை வைத்துக் காட்டினார். “மண்ணு வீடெல்லாம் சிதறுதுன்னு பெரிய டப்பாவா மாத்தினேன். அது ஆச்சு… ஒரு மூணு மாசம்.”



“வலிக்கு ஊசி போட்டுப் பார்க்கலாம் மேடம்,” என்றார் தவசிலிங்கம். “வலி இல்லைன்னா ஒண்ணும் மாறாது. நானே மார்க்கெட்டுக்கு வழி சொல்றேன்.”

எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்திருந்தன. ஊசி போட்டார்கள். கூண்டு மேல் துண்டைப் போட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்தார்கள். மூவரும் எட்ட உட்கார்ந்தார்கள்.

ஒரு மணி நேரம் போனது.

பவுன் கண்ணைத் திறந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்னங்காலைத் தூக்கி, இடுப்பைச் சாவகாசமாக நக்க ஆரம்பித்தது.

“அட, நக்குது!” பேச்சியப்பன் பாதி எழுந்து, பயந்து மறுபடி உட்கார்ந்தார். “இதைப் பார்த்து எத்தனை நாளாச்சு!”

தவசிலிங்கம் மருந்துச் சீட்டு எழுதினார். பேச்சியப்பன் மடமடவென்று கேட்டார்.

“மாத்திரையைக் கோழிக்கறிக்குள்ள வெச்சுக் கொடுக்கலாமா? எத்தனை நாளைக்கு? அந்த டப்பாவைத் தூக்கிட்டுத் தாம்பாளம் மாதிரி ஏதாவது வெச்சா ஏறிக்குமா?”

“ஏறிக்கும்.”

“பிள்ளைகிட்ட?”

“இடுப்புல கை வெச்சுத் தூக்க வேண்டாம்னு சொல்லுங்க. பக்கத்துல உட்காரச் சொல்லுங்க. அதுவா வரும்.”

பேச்சியப்பன் கூண்டை எடுத்தார். வாசல்வரை போனார். மனசு கேட்காமல் திரும்பி நின்றார்.

“மூணு மாசம் டாக்டர்! ஒரே ஒரு தடவை கத்தியிருந்தா, அன்னிக்கே தூக்கிட்டு ஓடி வந்திருக்க மாட்டேனா?”

பூங்கோதை ஏதோ சொல்ல வந்தார். பிறகு தவசிலிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“கத்துச்சு தம்பி,” என்றார் தவசிலிங்கம். “மெத்தை மேல.”