முத்துமீனாவை வேலை செய்யவிடாத கதை

கொட்டாவிப்பட்டிக்காரர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுசர்கள். வினையே அதுதான்.

அந்த ஊரில் சீனிச்சாமி தன் தம்பிகள் மாயழகு, ஒச்சப்பன் இருவரோடு அப்பளக் கம்பெனி நடத்திவந்தார். வேலைக்கு ஆறு பெண்கள். அதில் முத்துமீனாவுக்கு ஏழு மாதம். புருசன் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருந்தான்.

பேறுகால விடுப்புச் சம்பளத்தைச் சின்னக் கம்பெனிக்காரர் முதலில் கைக்காசிலிருந்து கொடுத்துவிட வேண்டும், பிறகு மனுப் போட்டால் சர்க்கார் திருப்பித் தரும் என்பது நம் கதை நடக்கிற சீமையின் சட்டம். சீனிச்சாமி நல்ல மனுசர். உளுந்து வாங்க வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். அது திரும்பி வராவிட்டால் கம்பெனிக்குப் பூட்டுதான். அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மனுவை வாங்கிய அதிகாரி கறாராகச் சொன்னார்: "விடுப்பு முடியிற வரைக்கும் அந்தப் பொண்ணு ஒரு வேலையும் செய்யக்கூடாது. செஞ்சா ஒத்தப் பைசா வராது. நேர்ல வந்து பாப்பேன்."

மறுநாள் காலை முத்துமீனா தன் வீட்டு வாசலில் விளக்குமாற்றை எடுத்தாள். எதிரே இருந்த கம்பெனியிலிருந்து சீனிச்சாமி பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"ஐயையோ ஆத்தா! என் குடியைக் கெடுத்திராதே!"

"வாசல் பெருக்குறது கம்பெனி வேலையா முதலாளி?"

அண்ணன் தம்பி மூவரும் கூடி யோசித்தார்கள்.

"ஒரு வேலையும்னுதான சொன்னாரு. எந்த வேலைன்னு பிரிச்சுச் சொல்லலியே," என்றான் மாயழகு.

"அப்ப எல்லா வேலையும்தான்," என்று தீர்ப்புச் சொன்னான் ஒச்சப்பன்.

அன்றிலிருந்து மாயழகு பெருக்கினான், ஒச்சப்பன் குழம்பு வைத்தான். சீனிச்சாமி சோறு ஊட்டிவிட வந்தார். முத்துமீனா அடிக்கக் கை ஓங்கினாள். "கையை இறக்கு ஆத்தா, அதுவும் வேலைதான்," என்று கெஞ்சினார். ஆள் போதாமல் மற்ற ஐந்து பெண்களும் கம்பெனியைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்தார்கள்.

வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் நர்சம்மா, "முக்கு, நல்லா முக்கு!" என்று கத்தினாள். வெளியே நின்ற சீனிச்சாமி கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"நர்சம்மா! அவ லீவுல இருக்கா. அவளை வேலை வாங்காதீங்க!"

"வேற யாரு முக்குறதாம்?"

"எங்க ஒச்சப்பன் சும்மாத்தான் நிக்கிறான்."

ஒச்சப்பன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். நர்சம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

பெண் குழந்தை. குளிப்பாட்டுவது, தொட்டில் ஆட்டுவது எல்லாம் வேலை என்று பறித்துக்கொண்டார்கள். பால் கொடுப்பதைப் பற்றி மட்டும் நெடுநேரம் பேசி, பிள்ளைதான் குடிக்கிறது, தாய் சும்மாத்தான் இருக்கிறாள் என்று விட்டுக்கொடுத்தார்கள்.

பிள்ளை பிறந்து இரண்டு மாதம் பொறுத்தாள் முத்துமீனா. ஒருநாள் எட்டுப் பேரும் தொட்டிலைச் சுற்றி நின்று ஆளுக்கொரு தாலாட்டுப் பாட, அவள் சாவியை எடுத்துக்கொண்டு நைசாகத் தெருவைத் தாண்டிக் கம்பெனிக்குப் போனாள். மிச்சம் கிடந்த மாவைப் பிசைந்து, அப்பாடா என்று உட்கார்ந்து அப்பளம் தேய்த்தாள். அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்து இறங்கினார்.

"உன் பேரென்னம்மா?"

"முத்துமீனா."

"மத்தவங்க எங்கே?"

"என் வீட்ல, புள்ளையைப் பாத்துக்கிறாங்க சார்."

அதிகாரி அங்கே போனபோது சீனிச்சாமி மடியில் குழந்தை, தோளில் ஈரத் துணி.

"லீவுல இருக்கவ வேலை பாக்குறா. உங்க மனு செல்லாது," என்றார் அதிகாரி.

சீனிச்சாமி குழந்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார். பாவம், உளுந்தும் போச்சு, கம்பெனியும் போச்சு.

மாயழகுதான் மெல்ல வாயைத் திறந்தான். "அண்ணே, அவ வேலையில இருக்கா. அப்ப லீவுல இருக்கது யாரு?"

"நாமதான்," என்றான் ஒச்சப்பன். "மாசக்கணக்கா கம்பெனிப் பக்கம் எட்டிப் பாத்தோமா? புள்ளைதான வளக்கிறோம்."

"அடக் கடவுளே! மனுவில பேரைத் தப்பாப் போட்டுட்டோமே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் சீனிச்சாமி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடமிருந்து மனுவை வாங்கி, முத்துமீனா பெயரை அடித்து, தன் பெயரை எழுதிப் பணிவாக நீட்டினார்.

அதிகாரி அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "சுகப்பிரசவமா?" என்று கேட்டார்.

"ரொம்ப சுகம் சார்," என்றார் சீனிச்சாமி. "எனக்கு வலியே தெரியல."