மன்னரின் இடுப்புக்கு எட்டாத சரம்

ஆவுடையூரை வில்லவராயர் என்றொரு மன்னர் ஆண்டார். அவரை ஆண்டது அதிரசம். போதாக்குறைக்கு நீரிழிவும் வந்து சேர்ந்தது.

அரண்மனை வைத்தியர் அகோரலிங்கம் கஷாயம் கொடுத்தார். நோய் தணியவில்லை. கஷாயத்தை இரட்டிப்பாக்கினார். அப்போதும் தணியவில்லை. மன்னருக்கு வந்ததே கோபம்.

"உம்முடைய மருந்து போலி. நாளை என் பிறந்தநாள் சபை முடிந்ததும் நாட்டை விட்டுப் போய்விடும்" என்றுவிட்டார். அதை ஊரெல்லாம் பறையறைந்தும் ஆகிவிட்டது.

பாவம் அகோரலிங்கம், அந்த வயதில் எங்கே போவார்? சபையில் எல்லோரையும் சிரிக்கவைக்கும் ஆபத்சகாயத்தின் வீட்டுக்கு ஓடினார்.

"மருந்து நல்ல மருந்துதான் ஐயா. உள்ளே போகிறது. உடம்புதான் அதன் சொல்லைக் கேட்கமாட்டேன் என்கிறது. மன்னரின் பிடரியைப் பார்த்தீரா? கறுத்துத் தடித்திருக்கிறது. இடுப்பின் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து கெட்டிருந்தால், உடம்பு சண்டித்தனம் செய்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்."

"அளந்து காட்டவேண்டியதுதானே?"

"எப்படி? பாடை கட்டத்தான் ஆளை அளப்பார்கள் என்று மன்னர் மேல் அளவுக்கயிறே படக்கூடாதாம். தையல்காரர்கூடக் கண்ணால் பார்த்துத்தான் தைக்கிறார்."

ஆபத்சகாயம் மூக்கைச் சொறிந்துகொண்டார். உள்ளூரப் பயம்தான். மன்னர் எதிரில் தொந்தி என்ற சொல்லை எடுத்தவர் அதுவரை யாரும் இல்லை. ஆனால் ஒரு நல்ல மனிதரை எப்படிக் கைவிடுவது?

ஆவுடையூரில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாளன்று மன்னரின் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நீளம் பிடித்துச் சம்பங்கிச் சரம் இரண்டு கட்டுவார்கள். ஒன்று அம்மனுக்கு, ஒன்று மன்னருக்கு. கயிறுதான் ஆகாது, பூவுக்குத் தடையில்லை. மறுநாள் சபையில் மன்னருடைய சரத்தை ஆபத்சகாயம் கையில் எடுத்தார். அதை இரண்டாக மடித்தார்.

"மகாராஜா, இதை இடுப்பில் கட்டினால் தங்கள் அழகு இன்னும் கூடும்."

மன்னருக்கு அழகு என்றால் போதும், எழுந்து நின்றுவிட்டார். சேவகர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றினார்கள். முனைகள் சேரவில்லை. மன்னர் மூச்சை இழுத்துப் பிடித்தார். அப்போதும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"பூக்காரர் பூவைத் திருடிவிட்டார்" என்றார் மன்னர்.

ஆபத்சகாயம் மடிப்பைப் பிரித்துத் தலையிலிருந்து தொங்கவிட்டார். சரம் சரியாகப் பாதத்தைத் தொட்டது.

"உயரத்துக்குச் சரியாக இருக்கிறது மகாராஜா. அதில் பாதி இடுப்பைச் சுற்றி வரவேண்டும். வரவில்லை. பிடரியில் இருக்கும் கறுப்பு என்ன?"

"நகை அழுக்கு. தேய்க்கிறார்கள், போகவில்லை."

"அழுக்காக இருந்தால் போயிருக்கும். வைத்தியரின் மருந்து உள்ளே போய்க் கெஞ்சுகிறது. தங்கள் உடம்பு காதில் வாங்குவதில்லை. இந்த இரண்டும்தான் அதற்குச் சாட்சி."

மன்னர் வைத்தியரைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"அப்படியானால் இவர் மேல் குற்றமில்லை. ஆனால் பறையறைந்தாயிற்றே. இன்று யாரையாவது நாடுகடத்தாவிட்டால் என் வாக்கு என்னாவது?"

"தாராளமாக நாடுகடத்துங்கள். சொல் கேட்காதது எதுவோ அதை. தங்கள் தொந்தியை."

மன்னர் குனிந்து பார்த்தார். பாதம் தெரியவில்லை.

"இது எப்படியப்பா தனியாகப் போகும்?"

"போகாது மகாராஜா. தாங்கள்தான் எல்லை வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வரவேண்டும். நடந்துதான். குற்றவாளியைப் பல்லக்கில் ஏற்றி அனுப்பும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. வழியில் அதற்கு அதிரசம் வாங்கிக் கொடுக்கவும் கூடாது."

"விட்டுவிட்டுத் திரும்பினால் பின்னாலேயே வந்துவிடுமே?"

"பின்னால் எங்கே வருகிறது? எப்போதும் தங்களுக்கு முன்னால்தான் வருகிறது. வந்தால் மறுநாளும் கொண்டுபோய் விடவேண்டியதுதான்."

மன்னர் சிரித்த சிரிப்பில் குற்றவாளியும் சேர்ந்து குலுங்கியது. ஆபத்சகாயத்துக்கு முத்துமாலை கிடைத்தது. அகோரலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அன்று மாலை ஆபத்சகாயத்தின் வீடு தேடி வந்து, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் மன்னரின் பல்லக்குத் தூக்கிகள்தான்.