தவளைக்கு ஓர் அமைச்சர்

முன்னொரு காலத்தில் செங்கழனி என்றொரு நாட்டை வீரபுசங்கர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பாதிப் பொழுது குழப்பத்திலேயே போய்விடும். அந்த நாட்டு வழக்கமும் அப்படி. ராஜா எதைச் செய்கிறாரோ அதையே எல்லோரும் செய்தாக வேண்டும். ராஜா தும்மினால் சபையே தும்மும். யாருக்கு நிஜமாகவே ஜலதோஷம் என்று அரண்மனை வைத்தியருக்கே தெரியாது.

ஒருநாள் பட்டத்து யானை மேகராசன் அரண்மனைக் குளத்தில் இறங்க மறுத்துவிட்டது. துதிக்கையை நீட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, பாகனையும் தள்ளிக்கொண்டு திரும்பி நடந்தது. ஊரே குடிக்கும் தண்ணீர் அப்படி நாறிக் கிடந்தது.

"யார் செய்த வேலை இது?" என்று சபையில் ராஜா கேட்டார். ராஜா தலையைச் சொறிந்தார். சபையும் சொறிந்தது.

ஆஸ்தானப் பண்டிதர் கனகசபாபதி எழுந்தார். "பிரபு, வளர்ந்தவர்களைத் திருத்த முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். நீரின் பெருமையைப் பற்றி நூறு பாட்டு கட்டி வைத்திருக்கிறேன்."

"பாட்டு சரி, பண்டிதரே. தண்ணீரை அவர்கள் எப்போது பார்ப்பார்கள்?" என்றார் அமைச்சர் சேந்தனார்.

அமைச்சரின் ஆசனத்தின்மேல் பண்டிதருக்கு வெகுநாளாக ஒரு கண். "அப்படியானால் பிள்ளைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். பௌர்ணமியன்று பரீட்சை. தோற்றவர் சபையை விட்டே போய்விட வேண்டும்!"

"சம்மதம்" என்றார் சேந்தனார் சட்டென்று. சேந்தனார் பக்கத்தில் இல்லாவிட்டால் எதற்குத் தலையாட்டுவது என்றுகூட ராஜாவுக்குத் தெரியாதே!

மறுநாள் ராஜா வேடிக்கை பார்க்கப் போனார். பண்டிதரின் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். சேந்தனாரின் பிள்ளைகளோ குளத்துப் படியில் குப்புறப் படுத்திருந்தார்கள். ஒருவன் நத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒருத்தி தட்டானை. செங்கமலம் என்ற வாண்டு ஒரு தவளையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

"என்ன பாடம் ஐயா இது?" என்று சேந்தனாரைக் கேட்டார் ராஜா.

"பழகுகிறார்கள், பிரபு."

"யாரோடு?"

"குளத்தில் குடியிருப்பவர்களோடு. அந்த வாயில்லாத ஜீவன்களுக்காகச் சபையில் பேச ஆள் வேண்டாமா? இவர்கள்தான் அவற்றின் அமைச்சர்கள். தங்கள் கையாலேயே தலைப்பாகை கட்டிவிட வேண்டும்."

ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் ராஜா கட்டிவிட்டார். செங்கமலத்தின் தலைப்பாகை நழுவிக் கண்ணை மறைத்தது. பண்டிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராஜா கட்டிய தலைப்பாகை தலையில் இருக்கும்வரை அமைச்சர் என்ன சொன்னாலும் தண்டனை கிடையாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அது அந்த நேரத்தில் ராஜாவின் நினைவுக்கு வரவில்லை.

பௌர்ணமியும் வந்தது. குளக்கரை மண்டபத்தில், வழக்கம்போலத் தண்ணீருக்கு முதுகைக் காட்டியபடி ராஜா உட்கார்ந்தார். பண்டிதரின் பிள்ளைகள் நூறு பாட்டையும் பிசகாமல் ஒப்பித்தார்கள்.

"நீங்கள் என்ன படித்தீர்கள்?" என்று தலைப்பாகைக் கூட்டத்தைக் கேட்டார் ராஜா.

"ஒண்ணும் படிக்கல, மகாராஜா!" என்றார்கள் சந்தோஷமாக.

"அமைச்சரே, மூட்டையைக் கட்டும்!" என்று பண்டிதர் துள்ளினார்.

அதற்குள் எல்லோருக்கும் வாழை இலைத் தொன்னையில் பாயசம் வந்தது. ராஜா குடித்து முடித்தார். தினமும் செய்கிறபடி, திரும்பிப் பார்க்காமல் காலித் தொன்னையைத் தோளுக்கு மேலே வீசினார். சபையும் வீசியது. நூறு பாட்டுப் பாடிய பிள்ளைகளும் வீசினார்கள்.

தலைப்பாகைக்காரர்கள் மட்டும் வீசவில்லை. தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு ராஜாவையே முறைத்தார்கள். தான் செய்ததைச் செய்யாத மனிதரை ராஜா அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"ஏன் அம்மா முறைக்கிறாய்?"

செங்கமலம் தலைப்பாகையை மேலே தள்ளிவிட்டாள். "என் தவளை முட்டை போட்ட இடத்துல தொன்னை விழுந்திருச்சு."

"யார் தொன்னை?"

"உங்களோடது. நீங்க போடறதைப் பாத்துத்தான் ஊரே போடுது. குளத்தை நாறடிச்சது நீங்கதான், மகாராஜா."

ராஜா திரும்பி, இத்தனை நாளில் அன்றுதான் குளத்தை உற்றுப் பார்த்தார். தண்ணீரே தெரியவில்லை. கரைக்குக் கரை அழுகிய தொன்னைகள்.

"அதிகப்பிரசங்கி! பிடித்துச் சிறையில் தள்ளுங்கள்!" என்று கத்தினார் பண்டிதர்.

"அவள் தலையைப் பாரும், பண்டிதரே. ராஜாவே கட்டியது" என்றார் சேந்தனார்.

ராஜா அவர் பக்கம் திரும்பினார். "உம் தலையிலும் இருக்கிறதே, சேந்தனாரே. நீர் ஏன் சொல்லவில்லை?"

சேந்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. "நானும் தினமும் தங்கள் பின்னால் நின்று வீசியவன்தானே, பிரபு. எந்த முகத்தோடு சொல்வேன்?"

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். குளத்தில் இறங்கி, குனிந்து ஒரு தொன்னையை எடுத்தார். அவ்வளவுதான்! வழக்கம் வழக்கமல்லவா? சபை முழுவதும் தொபீர் தொபீரென்று இறங்கிக் குனிந்தது. சரிகை அங்கவஸ்திரத்தோடு பண்டிதரும் இடுப்பளவுச் சேற்றில் நின்றார். ஓர் அட்டை அவர் கெண்டைக்காலைக் கவ்வியது. "ஐயோ!" என்று அலறினார்.

"அட்டைக்கு மட்டும் இன்னும் அமைச்சர் இல்ல, மகாராஜா" என்றாள் செங்கமலம்.

"பண்டிதரையே போட்டுவிடுவோம்" என்றார் ராஜா. "சபையை விட்டுப் போகத்தான் வேண்டும் நீர். குளத்துக்கு வாரும், செங்கமலத்திடம் பாடம் கேளும்."

மறுநாள் பாயசம் குடித்ததும் ராஜாவின் கை தன்னால் உயர்ந்து, பாதியில் நின்றது. ஊர்க் கைகளும் பாதியில் நின்றன. "இதை எங்கே போடுவது?" என்று ராஜா திருதிருவென விழிக்க, வாழைத் தோட்டத்து எருக்குழியைச் செங்கமலம் காட்டினாள். ராஜா முன்னே போக, ஊரே பின்னால் போனது.

அடுத்த மழைக்குக் குளம் தெளிந்தது. மேகராசன் தானாகவே இறங்கி, தண்ணீரை அள்ளித் தன் முதுகில் வீசிக்கொண்டது. ராஜா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தானும் அள்ளித் தன் முதுகில் வீசிக்கொண்டார். பிறந்ததிலிருந்து அவர் இன்னொருவரைப் பார்த்துச் செய்தது அதுதான் முதல் தடவை.